எச்சில் குழாயை மீட்க ஒரு பயணம்

ஊர் சுற்றக் கிளம்பிய பயணம் இல்லை இது. சேத்தூரில் இருக்கும் என் தங்கை செல்வி, போன வெள்ளிக்கிழமை போனில், ஒரு தனியார் முகாமில் "ஜீன் டெஸ்ட்" என்ற மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் கொடுத்ததாகச் சாதாரணமாகச் சொன்னாள். அது வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகுமாம். எங்கள் தம்பி ராணுவத்தில், வடக்கு எல்லையில் இருக்கிறான். அன்றே சென்னையில் ரயிலேறினேன்.

சனி காலை 6.20க்கு ராஜபாளையம். அங்கிருந்து சேத்தூர் எட்டு கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை தெரியும். நான் பார்க்கவில்லை.

செல்வி அடுத்தவர் வாய் வைத்த தம்ளரைத் தொடமாட்டாள்.

"ஏட்டி, எச்சி எச்சின்னு அம்புட்டு பாப்ப, நீயே துப்பிக் குடுத்திருக்கியே?" என்றேன்.

"ஆர்மிக் குடும்பத்துக்கு ஃப்ரீன்னாகக்கா. அதான் தம்பி யூனிட்டு, இருக்க எடம் எல்லாம் ஃபாரத்துல எழுதுனேன்," என்றாள் பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். எச்சிலில் இருக்கும் மரபணுவைப் பார்த்து, அந்த ஆளை மட்டும் தாக்கும் கிருமியை எதிரி செய்துவிட்டால் என்பதுதான் என் பயம். ஏவுகணை வந்தால் யார் அனுப்பியது என்று தெரிந்துவிடும். திருப்பி அடிப்பார்களே என்ற பயத்தில்தான் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். கிருமிக்கு அனுப்புநர் முகவரி கிடையாது. யாரைப் பயமுறுத்தி நிறுத்துவது? ஆள் பார்த்துத் தாக்கும் கிருமி இன்றைக்கு இல்லை என்றுதான் படித்திருக்கிறேன். நாளைக்கு வந்தால், இன்று கொடுத்த எச்சிலின் விவரம் அங்கேயே இருக்குமே! தம்பி துப்பவே வேண்டாம், ரத்த சொந்தம் துப்பினால் போதும்.

குழாய்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்துத்தான் அனுப்புவார்கள் என்று செல்வி சொன்னதால், அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ராஜபாளையத்தில் பஸ் மாறி, இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். பதினோரு மணிக்கு, முகாம்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையைக் கண்டுபிடித்தோம். அங்கிருந்தவர் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார். சோதனை வேண்டாம் என்று செல்வி எழுதிக் கொடுத்ததும் குழாயையும் படிவத்தையும் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தந்தார்.

"செத்த நேரம் கழிச்சு வந்திருந்தா கூரியர்ல போயிருக்கும்க்கா," என்றார்.

படியிறங்கும்போது அழுதேவிட்டேன். செல்வி என் தோளைத் தட்டினாள்.

"அழாதக்கா. சித்தப்பா வீட்லயும் சொல்லிருவோம். அவிய நாலு பேரும் மொத முகாம்லயே குடுத்துட்டாக, போன வாரமே போயிருச்சாம். தம்பி பேரச் சொல்லித்தான் அவியளுக்கும் ஃப்ரீ."

இப்படி அலைய நேர்ந்தால், படிவத்தில் கையெழுத்துப் போட்டவரையே கூட்டிப் போங்கள். வேறு ஆளிடம் தரமாட்டார்கள். அதற்கு முன்னால், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நேற்று தம்பி பேசினான். குழாய் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

"சித்தப்பா வீட்ல எல்லாரும் நல்லாருக்காகளாக்கா?" என்றான்.

நல்லாருக்காக என்றேன்.