பெயரில்லாத ஈயும் ஒரு தேக்கரண்டியும்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கனடாவின் மொன்றியலில் ஒரு கண்ணாடிப் பசுமைக்குடிலில் செடிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். வெளியே பனி கொட்டும். உள்ளே வியர்த்து ஒழுகும். ஈக்களை ஆராயும் ஒரு சென்னைப் பெண் அங்கே வருவார். கொண்டையில் பூவுக்குப் பதில் ஒரு தேக்கரண்டி செருகியிருப்பார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அன்னாசி இனச் செடிகளின் இலைக் குழியில் தேங்கிய அழுகல் தண்ணீரை அந்தக் கரண்டியால் கலக்கி, ரசம் கொதித்ததா என்று பார்ப்பவர்போல முகர்வார்.

ஒருநாள் அந்தச் செடிச் சாடிகளையெல்லாம் சரித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் நின்றாலே கவிழ்த்துப் பழகிய கை.

“அண்ணா, இதுல இருந்த தண்ணி எங்க?”

“ஊத்திப்போட்டன் தங்கச்சி. நுளம்பு பெருகுமெல்லோ.”

“ஐயோ, அது கொசு இல்லண்ணா! என் பூ ஈயோட புழு. அந்த ஈக்கு இன்னும் யாரும் பேருகூட வைக்கல!”

பெயரில்லாத ஈக்கா இவ்வளவு கூப்பாடு என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவர் வடிகால் அருகே குப்புறப் படுத்து, கரண்டியால் ஒரேயொரு புழுவை மீட்டார். நீண்ட வாலோடு அது பார்க்கச் சகிக்கவில்லை. அவரோ பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்தவர்போலச் சிரித்தார்.

பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, “அண்ணா, உங்க முழுப் பேரு என்ன?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஈக்கு வைக்கவா, மேலதிகாரியிடம் என்னை மாட்டிவிடவா? நான் கேட்கவில்லை. முறைப்பாடு எதுவும் இன்றுவரை வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.