பத்மநாபன் போட்ட அரிசிமாவு

கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் அரிசிமாவைக் கிள்ளிக் கிள்ளிப் பால்கனி ஓரத்து எறும்புகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார் பத்மநாபன். எழுபதைத் தாண்டியவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு; ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. ஜாதவ்பூரில் அவர் வீட்டைத் தாண்டி ஒரு ஜீவன் பசியோடு போய்விட முடியாது. லேக் மார்க்கெட்டில் மீனைக் கண்ணெடுத்தும் பார்க்காதவர், மீன்கடைப் பூனைகளுக்குப் பால் கொண்டுபோவார்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பராமரிப்பு வேலை நடந்ததால், மருமகள் மாதங்கி தன் ஆராய்ச்சித் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஹவுரா ஆற்றங்கரைச் சேறு, மேலே கொஞ்சம் தண்ணீர், உளுந்தளவு நத்தைகள். "ஒண்ணும் போடாதீங்கோப்பா. அதுகளே சாப்பிட்டுக்கும்" என்று சொல்லிவிட்டு நாலு நாள் வேலையாகக் கரக்பூருக்குப் போனாள்.

பத்மநாபன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சேறுதான் தெரிந்தது.

"பட்டினி போட்டுட்டுப் போயிருக்கா பாரு."

"அவ வேண்டாம்னா விடுங்கோளேன். கை சும்மா இருக்காதா?" என்றாள் மனைவி வத்சலா.

"வாயில்லா ஜீவன்டி!"

காலையும் மாலையும் மாவு விழுந்தது.

மாதங்கி திரும்பிவந்து பால்கனிக் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. சேறு கறுத்திருந்தது. பாதி நத்தைகள் செத்துக் கிடந்தன. மீதி தண்ணீரை விட்டு வெளியேறி, கண்ணாடிச் சுவரின் உச்சியில் ஒட்டியிருந்தன.

"இதுல என்ன போட்டேள்?" என்றாள் மாதங்கி.

"மாவுதான். நல்ல பச்சரிசி மாவு."

"சேத்து மேல பழுப்பா ஒரு படலம் இருந்துதே, அதுதான்பா அதுகளுக்குச் சாப்பாடு. கண்ணுக்குத் தெரியாத பாசி. வெயில் பட்டா மேல வரும், நத்தை நாக்கால சுரண்டித் தின்னும். மாவு அழுகி, மூச்சு முட்டிச் செத்திருக்கு. மிச்சத்துக்காவது புதுச் சேறு வேணும். இல்லேன்னா என் ஆராய்ச்சி இத்தோட சரி."

"நானா கொன்னேன்?"

அவர் முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. வத்சலா நாற்காலியை இழுத்துப்போட்டாள். அவர் உட்காரவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை, ஆற்று நீர் வடிந்து வெயில் ஏறிய நேரத்தில், ஹவுரா படித்துறைக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றார். ஸ்பூனால் பழுப்புப் படலத்தை மட்டும் வழித்து டப்பாவில் சேர்த்தார்.

திரும்பும் படகில் டப்பாவைத் திறந்தபடி மடியில் வைத்து, வெயில் படும் பக்கமாக உட்கார்ந்தார். அடுத்திருந்தவர் பொட்டலத்தைப் பிரித்துப் பொரி கொறிக்க ஆரம்பித்தார். பத்மநாபன் சட்டென்று உள்ளங்கையால் டப்பாவின் வாயை மூடிக்கொண்டார்.