வாளிக்குப் பக்கத்தில் ஒரு சுண்டு

தர்மபுரத்தில் எங்கள் முன்பள்ளியில், கஞ்சி காய்ச்சும் குசினியில் மூடி போட்ட வாளி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் காலைக் கஞ்சிக்காகத் திங்கட்கிழமைகளில் தாய்மார் அதற்குள் அரிசியும் பயறும் போடுவோம். யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பார்ப்பது மரியாதை இல்லை.

நான் பார்த்தேன். என் மகன் காலையில் வீட்டில் வாயே திறக்கமாட்டான். அந்தக் கஞ்சியை மட்டும்தான் ஒழுங்காகக் குடிப்பான். வியாழக்கிழமை வாளியின் அடி தெரிந்தால் வெள்ளிக்குக் காணுமா என்று கணக்குப் பார்ப்பேன். சிலர் ஒரு பிடிதான் போடுகிறார்கள் என்பதும் தெரிந்தது. அதனால் பெற்றோர் கூட்டத்தில் எழும்பினேன்.

"ஆளுக்கொரு சுண்டு எண்டு வைப்பம். எல்லாருக்கும் ஒரே அளவு."

அரிசி அளக்கிற சுண்டு ஒன்றையும் வீட்டிலிருந்து கொண்டுபோய் வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கள், எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும், சொந்த வயல் உள்ள அக்கா வந்தார். எப்போதும் பையோடு கவிழ்த்துக் கொட்டுகிறவர். அன்று சுண்டை நிரப்பி, மேலே நின்ற அரிசியை விரலால் வழித்து மட்டமாக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோகப் பார்த்தார்.

"என்னக்கா, முந்தி நிறையப் போடுவியள்?"

"நீர்தானே பிள்ளை அளவு சொன்னனீர். இனிக் கூடப் போட்டால், வயல்காரி எடுப்புக் காட்டுறாள் எண்டெல்லோ சொல்லுவினம்."

முன்பு ஒரு பிடி போட்டுவந்த, கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் திங்கட்கிழமைகளில் மகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டார். வாளி புதனோடு காலியாகத் தொடங்கியது. எனக்கோ எரிச்சல். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதில் என்ன அநியாயம்? நான் கேட்டதும் பிள்ளைகளுக்காகத்தானே? அல்லது என் பிள்ளைக்காக மட்டுமா?

முன்பள்ளி ரீச்சரிடம் சொல்லிச் சுண்டை எடுத்துவிட்டேன். கூலி வேலைக்குப் போகும் அந்தத் தாயின் வீட்டுக்கும் போனேன்.

"சுண்டு எடுத்தாச்சு. திங்களிலும் அனுப்புங்கோ."

"ஓம், பாப்பம்," என்றார். அனுப்பவில்லை.

மற்றவர்கள் வீட்டிலேயே அளந்து, சின்னப் பையில் முடிந்து கொண்டுவரப் பழகிவிட்டார்கள். இந்தத் திங்கள் நான் பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

"என்ன பிள்ளை, அளவு மறந்துபோச்சோ?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்களும் போடுங்கோவன் அக்கா."

"எல்லாரும் போடட்டும். போடுறன்."

இன்று புதன். "கஞ்சி தண்ணி அம்மா," என்று மகன் வந்து நிற்கிறான். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று ரீச்சரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.