லேப்டாப் முத்துசெல்வியின் வஞ்சம்

தென்காசியில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் பெண் யார் என்று கேட்டால், பழைய பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் எதிர்ச் சந்தில் இருக்கும் முத்துசெல்வியின் கடையைக் கை காட்டுவார்கள். கூடவே, "அந்தப் புள்ளகிட்ட வாயக் குடுத்துராதீங்க" என்றும் சொல்லி அனுப்புவார்கள். நியாயமான எச்சரிக்கைதான். முத்துசெல்விக்கு மறதி என்பதே கிடையாது. நாலாம் வகுப்பில் தன் சிலேட்டை உடைத்தவளின் பெயர் இன்றைக்கும் அவளுக்கு மனப்பாடம். உடைத்தவளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், மாமியார் எப்படிப் படுத்துகிறாள் என்பதுவரை விசாரித்து வைத்திருந்தாள்.

தொழிலுக்கு அந்தக் குணம் நன்றாகவே ஒத்துப்போனது. கோளாறான லேப்டாப்பை அவள் போலீஸ்காரன் மாதிரி விசாரிப்பாள். ஆன் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் சார்ஜர்மேல். வேறு சார்ஜர் போட்டும் உயிர் வரவில்லையா, பேட்டரியைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிப்பாள். லைட் எரிந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால், டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்ப்பாள். படம் மங்கலாகத் தெரிந்தால் திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்குதான் போயிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ராம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் செம்புப் பல்லைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவாள். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ரப்பரிலேயே சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சாரல் விழ ஆரம்பித்தால் கூட்டம் தாங்காது. குற்றாலத்தில் ரூம் போட்டுக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிற வெளியூர்க்காரர்கள், எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு மீட்டிங்கில் உட்கார்ந்து கீபோர்டை வழுக்கலாக்கிக் கொண்டுவருவார்கள். தண்ணீர் பட்டதை அரிசி மூட்டைக்குள் புதைத்துவைத்து, ஃபேன் நிறையக் குருணையோடு வருகிற ஆளும் உண்டு. உள்ளூர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆயுத பூஜைக்குக் காற்று போகிற ஓட்டையின்மேல் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிவிட்டு, மறுநாள் வந்து "ரொம்பச் சூடாவுதும்மா" என்பார்கள்.

"ஒங்க மூக்குல சந்தனத்த அப்புனா ஒங்களுக்கும் சூடாத்தான் செய்யும்" என்பாள் முத்துசெல்வி. சிரிக்கமாட்டாள்.

அவள் சிரிப்பை நிறுத்தியவன் பிச்சைமணி. மெயின் ரோட்டில் பெரிய சர்வீஸ் சென்டர் வைத்திருப்பவன். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய "நம்ம கடை" என்று திரிகிற ஆள். எந்த லேப்டாப்பைக் கொண்டுபோனாலும் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டுப் பழைய சரக்கு ஒன்றைத் தலையில் கட்டுவான். முத்துசெல்வி அவனிடம்தான் வேலைக்கு இருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வடகரையிலிருந்து மாடத்தி என்கிற அம்மாள் ஒரு லேப்டாப்பை முந்தானைக்குள் அணைத்தபடி அந்தக் கடைக்கு வந்தாள். அவளுடைய ஒரே மகன் இசக்கிராஜா பட்டாளத்தில் இருந்தவன். லீவில் வந்தவனைப் புளியரைப் பக்கம் லாரி அடித்துப் போட்டுவிட்டது. போன் அவனோடு சேர்ந்து நசுங்கிப்போயிற்று. அவன் எடுத்த படமெல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. மாடத்தியிடம் மிஞ்சியது ஆதார் கார்டில் இருந்த மூஞ்சி மட்டும். அதைப் பெரிதாக்கித்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்திருந்தார்கள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத படம் அது.

முத்துசெல்வி ராமைத் தேய்த்துப் போட்டாள். லேப்டாப் உயிர் வந்து, திரையில் அந்தப் பையன் பல்லைக் காட்டிச் சிரித்தான். மாடத்தி அதற்குள் கடைசி பஸ் போய்விடுமே என்று கிளம்பியிருந்தாள். மறுநாள் அவள் வந்தபோது அதே லேப்டாப் பிணமாகக் கிடந்தது.

"இந்தப் புள்ள தெரியாத்தனமா டிஸ்க்க அழிச்சுப்போட்டா. இனிமே ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாதும்மா" என்றான் பிச்சைமணி, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மாடத்தி அழவில்லை. தெருவில் இறங்கிக் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி முத்துசெல்வியைப் பார்த்துத் தூற்றினாள். "எம்புள்ளய ரெண்டாந்தடவ கொன்னுட்டியேட்டி. நீ வெளங்கமாட்டே" என்றாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாரித் தூற்றிய மண்ணை இந்தப் பக்கத்தில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ராயகிரியிலிருந்து பூ வைத்து நிச்சயம் பண்ண நாள் குறித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், செய்தி கேட்டதும் போனையே எடுக்கவில்லை. வேலை போனது. தனியாகக் கடை போட்ட பிறகும் ஒரு வருஷம் சந்துக்குள் நாய்தான் வந்துபோனது. பிச்சைமணிதான் டிஸ்க்கை மாற்றியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். புதுசு மாதிரி இருந்த நல்ல டிஸ்க் அது, விற்றால் காசு. போய்க் கேட்டதற்கு, "நிரூபிட்டி பாப்போம்" என்று சொல்லிவிட்டு டீ குடித்தான். அந்த டீ கிளாஸின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவன் நாசமாகப் போகவேண்டும் என்று இலஞ்சிக் கோயில் குமாரரிடம் வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டாள். வேண்டுதலில் வெட்கப்பட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வருஷம் சீசன் தொடங்குகிற நேரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, இலஞ்சியிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி டீச்சர் வந்தாள். லேப்டாப்பில் பரீட்சைக்குத் தயார் பண்ணிய கேள்வித்தாள்களைக் கை தவறி அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிவிட்டாளாம்.

"அழிச்ச பெறகு புதுசா எதையும் சேத்து வைக்கலயே டீச்சர்?"

"இல்ல, பயந்து அப்பவே மூடிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. அழிச்சாலும் அது அங்கனயேதான் கெடக்கும். அதுக்கு மேல வேற ஒண்ண எழுதுனாத்தான் போவும்."

மீட்டெடுக்கிற மென்பொருளை ஓடவிட்டாள். கேள்வித்தாள்கள் வந்தன. அவற்றோடு டீச்சர் ஒருநாளும் பார்த்திராத ஏதேதோ படங்களும் வரிசையாக வர ஆரம்பித்தன. சிலதில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. பனி மலை முன்னால் யூனிபார்மில் ஒருவன். ஐந்தருவியில் தலை துவட்டுகிற அதே ஆள். வடகரை வயல் வரப்பில் மாடத்தியைத் தூக்கிக்கொண்டு அவன் நிற்க, அவள் அவன் முதுகில் அடிக்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

முத்துசெல்வி அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். இசக்கிராஜாதான். "இது எங்க வாங்குனது டீச்சர்?"

"பிச்சைமணி கடையில. ரெண்டாங்கை. பங்குனியில வாங்கினேன்."

அந்த நேரத்தில் அவள் நெஞ்சில் பொங்கியது முழுக்க முழுக்க ஆனந்தம்தான். அந்த ஆனந்தத்தில் முதலில் தெரிந்த முகம் மாடத்தியின் முகம் இல்லை, பிச்சைமணியின் முகம். மாட்டினான் என்று நினைத்தாள். நடந்ததையெல்லாம் டீச்சரிடம் கொட்டித் தீர்த்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மாகிட்ட இன்னிக்கே போய்ச் சொல்லிடலாம். என் ஸ்கூட்டர் இருக்கு" என்றாள்.

"இன்னைக்கு வேண்டாம். வாற வியாழக்கெழம குத்தாலத்துல அவரு புதுக் கடை தெறக்காரு. வியாபாரிச் சங்கம், இன்ஸ்பெக்டரு, ஊரே வருது. என்னய நாலு பேரு முன்னாலதான அசிங்கப்படுத்துனாரு. நான் நானூறு பேரு முன்னால பண்ணுதேன்."

டீச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் சாட்சி சொல்ல வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, லேப்டாப்பை அவளிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க முத்துசெல்வி கல்யாணப் பெண் மாதிரி திரிந்தாள். படங்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். எந்தப் படத்தை முதலில் போட்டால் பிச்சைமணிக்கு நன்றாக வலிக்கும் என்று யோசித்து யோசித்து மாற்றி வைத்தாள். மாடத்தி இந்தமுறை யார்மேல் மண் தூற்றுவாள் என்று நினைத்துப் பார்க்கையில் சோறு கூடுதலாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மாடத்தியையே பார்த்தாள். செங்கோட்டை பஸ்ஸுக்காக ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்தில் பாதியாக இளைத்துப்போயிருந்தாள். முத்துசெல்விக்குக் கால் இரண்டு எட்டு முன்னால் போனது. இப்போது சொன்னால் விஷயம் வெளியே கசிந்து அவன் உஷாராகிவிடுவான் என்று தோன்றவும், பழக்கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. மாடத்தி ஏறிப் போனாள்.

வியாழக்கிழமை சாரலோடு விடிந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் பிச்சைமணியின் புதுக் கடை, வாழைமரமும் சீரியல் விளக்குமாக ஜொலித்தது. முத்துசெல்வி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். ஸ்ரீலக்ஷ்மி டீச்சர், "உங்க மகன் லேப்டாப் விஷயமா" என்று மட்டும் சொல்லி மாடத்தியை அழைத்து வந்திருந்தாள். மாடத்தி வாசலில் முத்துசெல்வியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாட்டி வா. பழச மனசுல வைக்காம வந்தியே, அது போதும். கேசரி சாப்புடு" என்றான் பிச்சைமணி, எல்லோரும் கேட்கும்படி.

முத்துசெல்வி லேப்டாப்பை அவனுடைய புதுக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். "அண்ணாச்சி, இது நீங்க டீச்சருக்கு வித்ததுதான?"

"நம்ம கடைச் சரக்கேதான்."

"டிஸ்க்கு போயிரும்போல இருக்கு. இது நீங்க போட்ட டிஸ்க்கா, டீச்சரு வேற எங்கயும் மாத்திட்டாவளான்னு தெரியல."

இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரிச் சங்கத் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சைமணி மேஜைமேல் தட்டிச் சொன்னான். "எங்கையால போட்ட டிஸ்க்கு. கேரண்டி. நம்ம கடையில வெளிச் சரக்கு டிஸ்க்கே கெடையாது."

"வேற யாரும் தொடலயே?" என்று டீச்சர் பக்கம் திரும்பினாள். தொடவில்லை என்றாள் டீச்சர். அவ்வளவுதான் முத்துசெல்விக்கு வேண்டியிருந்தது. சுவரில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த பெரிய டிவியில் ஒயரை மாட்டினாள். சுவர் நிறைய இசக்கிராஜா வந்து நின்றான், தோளில் தாயைத் தூக்கிக்கொண்டு.

"ஆண்டவன் வந்தாலும் எடுக்க முடியாதுன்னீங்க அண்ணாச்சி. பட்டாளத்துக்காரன் டிஸ்க்க உருவிக்கிட்டு, செத்த டிஸ்க்க மாட்டி, பழிய எந்தலையில போட்டுட்டு, இத்தன நாளு கழிச்சு டீச்சருக்கு வித்திருக்கீங்க. நிரூபின்னு சொன்னீங்கல்லா. இந்தா, நிரூபிச்சிட்டேன்."

பிச்சைமணி வாயைத் திறந்தான். "இது வேற யாரோ" என்று தொடங்கியவன், வாசலில் மாடத்தியைக் கண்டு அப்படியே நிறுத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். சங்கத் தலைவர் தான் போட்ட மாலையைப் பார்க்காத மாதிரி வெளியே நடந்தார். கூட்டத்தில் யாரோ, "எங்க வீட்டு லேப்டாப்புக்கும் போர்டு போச்சுன்னுதான் சொன்னாரு" என்றார்கள். வேறு இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். பாலிதீன் உறைகூடப் பிரிக்காத நாற்காலியில் பிச்சைமணி உட்கார்ந்தான். விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. முத்துசெல்வி அதை ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள். இனித்தது. மூன்று வருஷத்துப் பசி ஒரே வாயில் அடங்குகிற இனிப்பு அது.

பிறகுதான் மாடத்தி பக்கம் திரும்பினாள். இப்போது சாபம் இடம் மாறும் என்று காத்திருந்தாள். தன் தலையில் கை வைத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்றும் எதிர்பார்த்தாள்.

மாடத்தி பிச்சைமணியைத் திரும்பியே பார்க்கவில்லை. டிவிக்குக் கிட்டத்தில் போய் மகன் மூஞ்சியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள், அழுக்கு ஒன்றும் இல்லாத திரையை. துடைத்தபடியே கேட்டாள்.

"இது ஒனக்கு எப்பக் கெடச்சுது?"

"போன வெள்ளிக்கெழம, பெரியம்மா."

"ஞாயித்துக்கெழம பஸ் ஸ்டாண்டுல என்னயப் பாத்துட்டுப் பழக்கடைக்குப் பொறத்தால ஒளிஞ்சியே."

"அவரு உஷாராயிருவாருன்னுதான் பெரியம்மா" என்று தொடங்கினாள் முத்துசெல்வி.

"அவன் எம்புள்ளய மூணு வருசம் ஒளிச்சு வச்சிருந்தான். நீ ஒரு வாரம் வச்சிருந்திருக்க" என்றாள் மாடத்தி, கோபம் துளியும் இல்லாமல்.

பிறகு ஸ்ரீலக்ஷ்மி டீச்சர் பக்கம் திரும்பி, அடுத்த படத்துக்கு எதை அமுக்கணும் என்று கேட்டாள்.