ஒரே பக்கத்தில் நாலு சுப்பையா

தென்காசியில ஒரு வட்டார வரலாற்று நூலகத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன்; எங்க தொழில்ல புத்தகம் கேட்டு வாரவங்க கம்மி, தாத்தாவைக் கேட்டு வாரவங்கதான் ஜாஸ்தி. பழைய நோட்டோட மல்லுக்கட்டி, தும்மித் தும்மி மூக்கு சிவந்தவங்க எல்லாருக்கும் என் பாடு புரியும்.

ஈரத் துண்டோட வந்தவர்

சாரல் காலம். குற்றாலத்துல குளிச்ச ஈரத் துண்டோட, புளியங்குடியில எலுமிச்சை கமிஷன் கடை வச்சிருக்கிற சுப்பையா வந்தார். கூட மகள் கோமதி. அவளுக்கு ராயகிரியில மாப்பிள்ளை பேசி, ரெண்டு பேருக்கும் ரொம்பப் பிடிச்சு, பூ வைக்க நாளும் குறிச்சாச்சு. அப்பத்தான் மாப்பிள்ளையோட தாய்மாமா குண்டைத் தூக்கிப் போட்டிருக்கார். ரெண்டு வீடும் பங்குனி உத்திரத்துக்கு ஒரே சாஸ்தா கோயிலுக்குத்தானே போகுது? அப்போ குலதெய்வம் ஒண்ணு, பங்காளி. பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறை!

அப்படி இல்லைன்னு எழுத்துல காட்டினாத்தான் கல்யாணம். தாத்தா பேரைக் கேட்டேன். "அவரும் சுப்பையாதான், அவர் பேரைத்தான் எனக்கு விட்டிருக்கு. ஊர்ல எங்களைச் செங்கோட்டையார் வீடும்பாங்க"ன்னார். அந்தக் கடைசிச் சேதியை நான் காதுலயே வாங்கலை. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு அண்ணாச்சி, அதுக்குள்ள எங்க வம்சத்தை எடுத்துக் குடுத்திருங்க."

கிடைச்சிட்டு!

அந்தச் சாஸ்தா கோயிலோட பழைய பொங்கல் நோட்டு எங்ககிட்ட இருக்கு. எந்த வீட்டுப் பானையை எங்கன வைக்கணும்னு வரிசையா எழுதி வச்சது. சாரல்ல தாளெல்லாம் ஒட்டிக்கிடக்கு. ஸ்கேலை விட்டு ஒவ்வொண்ணாப் பிரிக்கேன். சுப்பையா! "கிடைச்சிட்டு!"ன்னு கத்தி நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன்.

அப்புறம்தான் முழு வரியையும் வாசிச்சேன். ராயகிரிப் பெரியவர் ஒருத்தருக்குக் கூடப்பிறந்த தம்பின்னு போட்டிருக்கு; அந்தப் பெரியவர்தான் மாப்பிள்ளையோட பூட்டன்னு கோமதியே சொன்னா. அசல் பங்காளி! கோமதி கண்ணு கலங்கிப்போச்சு. "இதைக் கண்டுபிடிக்கவா அண்ணாச்சி இந்தக் குதி குதிச்சிய?"

விரல் நின்ன இடம்

பஸ் போயிட்டு. கோமதி போகலை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, வரி வரியா விரல் வச்சுப் பார்த்தா. அதே பக்கத்துல நாலு சுப்பையா! பேரனுக்குத் தாத்தா பேரை விடுற ஊருல, அண்ணன் தம்பி வீட்டுக்கு ஒரு சுப்பையா இருக்கத்தானே செய்வான்? இத்தனை வருஷமா இதே வேலையில இருக்கிற மடையன், முதல் ஆளையே பிடிச்சுட்டேன்.

நாலாவது ஆள்கிட்ட அவ விரல் நின்னுச்சு. 'சுப்பையா, வீட்டோட மருமகன், ஊர் செங்கோட்டை.' எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. செங்கோட்டையார் வீடு! மனுசன் பொண்ணெடுத்த வீட்டுலயே தங்கி, மாமனார் வீட்டுச் சாஸ்தாவையே கும்பிட்டிருக்கார். அப்போ பங்காளியே கிடையாது, மாமன் மச்சான் முறை! நான் மறுபடியும் குதிச்சேன். சுப்பையாவுக்குத்தான் முகம் சுண்டிப்போச்சு. "எங்க தாத்தா வீட்டோட மாப்பிள்ளைன்னு சம்பந்தக்காரங்க முன்னால வாசிக்கணுமாக்கும்?"னு முனங்கினார். கோமதி கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா: "ஆமாப்பா. சத்தமா வாசிங்க."

பூ வச்ச பிறகு

வாசிச்சார். நானும் போயிருந்தேன். தாய்மாமா ஜெராக்ஸை வாங்கி மூணு தடவை படிச்சுட்டு, "பூவை எடுங்க"ன்னார். அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கலை, அவ்வளவு சந்தோஷம்.

மறுவாரம் சுப்பையா ஒரு பை எலுமிச்சையோட திரும்ப வந்து நிக்கார். முகத்துல ஈயாடலை. "கல்யாணம் சரி அண்ணாச்சி, இத்தனை வருஷமா அடுத்த வீட்டுச் சாஸ்தாவுக்குல்லா பொங்கல் வச்சிருக்கோம், எங்க சாஸ்தா எங்கன இருக்காரு?"

இப்போ செங்கோட்டை நோட்டுகளைப் புரட்டிக்கிட்டிருக்கேன். முதல் பக்கத்திலயே ஆறு சுப்பையா.