தாலாட்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில்

பாட்டு விஷயத்தில் மட்டும் ஆல்டரேஷன் அக்காவிடம் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் போச்சு. உங்கள் பேன்ட்டுக்குக் கால் மடித்து வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் உங்கள் போன் மேல் உங்களுக்கே வெறுப்பு வந்துவிடும்.

"போன்ல பாட்டு கேக்கறதெல்லாம் ஒரு கேக்கறதா? நல்ல இடம் வர்றப்பதான் எவனாவது கூப்பிடுவான். சிம்மை மாத்திக்கிறீங்களாம்மான்னு கேப்பான். அவனைத் திட்டிட்டு வர்றதுக்குள்ள பாட்டு போன இடமே தெரியாது."

ஒயர் இல்லாத இயர்போன் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். வெளியூரில் படிக்கும் மகள் ஆசையாக ஒரு ஜோடி வாங்கி அனுப்பினாள். ஒரே வாரத்தில் ஒன்று சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்க் குளித்துவிட்டு வந்தது. இன்னொன்று பொத்தான் டப்பாவில் கிடக்கிறது. இந்தக் கதையை அக்கா ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி சொல்வாள். ஆப் தானாகவே பாட்டு எடுத்துக் கொடுக்கிறதே, அதுவும் ஆகாது. "நான் எப்ப எதைக் கேக்கணும்னு அது யாரு சொல்றதுக்கு? என் மாமியாரா?" இப்போது எல்லோரும் பார்க்கிற பதினைந்து விநாடிப் பாட்டுகளா? "தலையும் இல்ல, வாலும் இல்ல. நடு முதுகை மட்டும் வெட்டி வச்சிருக்காங்க. அதைப் போய் ஆகா ஓகோன்னு கேக்குதுங்க."

இவ்வளவும் பேசுகிறவள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று மாடித் துணிக்கடையின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து. அறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஸ்டூல், தலைக்கு நேர் மேலே ஒரு ஸ்பீக்கர். ஜன்னல் கிடையாது, கதவும் கிடையாது. கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை அங்கேதான் இருப்பு. மேலே ஆட்கள் படியேறுகிற சத்தம் மண்டையில் ஏறி இறங்கும்.

அவளிடம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு எம்பி3 பிளேயர் உண்டு. ஒற்றை பேட்டரி போட்டால் ஓடும். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. வாங்கியபோது ஏற்றியவை, அதற்குப் பிறகு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒயரைக் கூந்தலுக்குள் விட்டு ஒற்றைக் காதில் மாட்டிக்கொள்வாள். யார் கேட்டாலும், "நான் பழைய ஆளுப்பா, எனக்கு இதுதான் செட்டாகும்" என்பாள். அதைக் கடையில் எல்லோரும் பெரிய கொள்கை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது! விஷயம் வேறு.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். "பிரேக்கு, பிரேக்கு, அய்யோ பிரேக்கு" என்று நாள் முழுக்கக் கத்திய தொண்டை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார், குரல் போயிற்று. பேச்சு இல்லாதவரிடம் யார் கார் ஓட்டக் கற்றுக்கொள்வார்கள்? வீட்டோடு இருந்துவிட்டார். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு, ஒரு பேனா. சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அவர் ஒரு காரியம் செய்தார். தன் போன், அவள் போன், மகள் போன் எல்லாவற்றிலும் தன் குரல் இருந்த வீடியோக்களைத் தேடித் தேடி அழித்தார். கல்யாண சிடியை இரண்டாக உடைத்தார். பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் வீடியோவில் அவர் இரண்டு வரி பேசியிருந்தார், அதையும் போய்க் கெஞ்சி அழிக்க வைத்தார். பிறகு நோட்டில் எழுதினார்: "அந்த ஆள் போயாச்சு. இனிமே அவன் சத்தம் இந்த வீட்டுல கேக்கக் கூடாது." அவள் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அவள் சத்தியம் செய்தாள். செய்யும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த பிளேயரில் ஒலிப்பதிவு செய்கிற வசதி இருந்தது. மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது, தோளில் போட்டுக்கொண்டு அவர் பாடிய தாலாட்டை அவருக்குத் தெரியாமல் பிடித்து வைத்திருந்தாள். எல்லா வீட்டிலும் பாடுகிற பழைய மெட்டுதான். இரண்டே முக்கால் நிமிஷம். கடைசியில் பாட்டை நிறுத்தி, ரகசியமாக, "தூங்கிட்டாளா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் முழுவதையும் கேட்பாள். போனில் வைத்தால் அவர் கையில் சிக்கிவிடும். அந்தப் பழைய குப்பையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதனால்தான் அத்தனை வாய்ச்சவடாலும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை அவளே கெடுத்துக்கொண்டாள். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் வந்து நின்றார்.

"அக்கா, இயர்போன் போடக் கூடாதுன்னு தெரியும்ல?"

"நீங்க ஸ்பீக்கர்ல போடற கண்றாவியைக் கேக்க முடியல சார். அதான் மாட்டிக்கிட்டேன்."

"சரி, உங்க பாட்டையே போட்டுடறேன். கொண்டாங்க அதை."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாட்டில் இத்தனை கருத்து உள்ளவளிடம் போய், கடை முழுக்க உன் பாட்டுதான் என்றால் எப்படி இருக்கும்? தலைகால் புரியவில்லை. பிளேயரின் திரையில் பாட்டு ஒரு பக்கம் இருக்கும், பதிவு செய்தது இன்னொரு பக்கம் இருக்கும். பாட்டை மட்டும்தான் எடுப்பார்கள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டருக்கு ஏது பக்கம்? அது எல்லாவற்றையும் ஒன்றாக வழித்து எடுத்துக்கொண்டது.

நாலாம் நாள் ஒரு வெள்ளை பேன்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலிருந்து அவள் புருஷன் பாட ஆரம்பித்தார். பெட்டியை அப்படியே வைத்துவிட்டு மேலே பார்த்தபடி நின்றாள். பேன்ட் கருகிப் புகை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது.

அவள் ஓடிப்போவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. பக்கத்துக் கடைகளுக்கெல்லாம், அனுமதி இல்லாமல் பாட்டுப் போடக் கூடாது என்று நோட்டீஸ் வந்திருந்ததாம். மேனேஜர் பயந்துபோய் இருநூற்றுப் பன்னிரண்டையும் தூக்கிவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டார். "இதுக்குச் சொந்தக்காரன் எவனும் இல்ல அக்கா. யாரோ வீட்டுல பாடினது. ஒருத்தனும் கேட்டு வரமாட்டான்" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

அதோடு விட்டார்களா? குழந்தைகள் துணிப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் 'இதான் இப்ப டிரெண்டு' என்பதால் அவள் பெயரே டிரெண்டு. அவள் அந்தத் தாலாட்டை ஒன்றரை மடங்கு வேகமாக்கி, அடியில் தடதடவென்று ஒரு தாளத்தைப் போட்டு, தானே ஆடி வீடியோவும் போட்டாள். புருஷனின் கனத்த குரல் மீசை முளைக்காத பையன் குரலாகிவிட்டது. பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடியதைக் கேட்டு ஊரே எழுந்து குதித்தது. 'தூங்கிட்டாளா' என்ற வார்த்தையை வெட்டி எறிந்திருந்தாள். அது தாளத்துக்கு வரவில்லையாம்! மேனேஜரும் கடை ஸ்பீக்கரில் இதையே ஓடவிட்டார்.

"அக்கா, லட்சம் பேர் பாத்துட்டாங்க! யாருக்கா பாடினது?"

அக்கா ஊசியில் நூல் கோப்பது மாதிரி குனிந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் என்று சொன்னால், மேனேஜரும் டிரெண்டும் நாளைக்கே கேமராவோடு வீட்டு வாசலில் நிற்பார்கள். பிளேயரில் இருக்கிற பதிவையும் அவர் அழிப்பார், அவளை நம்புவதையும் விட்டுவிடுவார். சொல்லாவிட்டால் இதைக் கேட்டுக்கொண்டு இந்தப் பொந்தில் கிடக்க வேண்டும்.

"தெரியலடி. வாங்கும்போதே அதுல இருந்துச்சு."

கிடந்தாள். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. நடுவில் கடை விளம்பரம், மறுபடியும் அது. காதைப் பொத்தினால் கை வேலை நிற்கும். வேலையை விடவும் முடியாது, அந்த வீடு ஓடுவதே அவள் மெஷின் ஓடுவதால்தான். சரியாக ஒரு மாதம். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிளேயரில் நிஜமானதைப் போட்டுக் கேட்பாள். அங்கேதான் வினை. நிதானமாகப் பாடுகிற புருஷன் குரலுக்கு அடியில் அந்தத் தடதடப்பு தானாகக் கேட்டது. அவர் மூச்சு விடுகிற இடத்தில் அவள் மனசு முந்திக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடியது. நாலு வருஷம் பொய் சொல்லிக் காப்பாற்றியது ஒரே மாதத்தில் கையை விட்டுப் போகிறதே என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மேனேஜரிடம் தலைவலி என்றாள். வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள் என்று புளுகினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தள்ளுபடி விற்பனை வந்தது, கால் மடிக்க வேண்டிய பேன்ட் இருநூறு குவிந்தது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டை எடுத்தா தைப்பேன் சார். இல்லன்னா நீங்களே உக்காந்து தைச்சுக்குங்க."

மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார். "சரி தாயே! நாளைக்குக் காலைல எடுத்துடறேன். இன்னிக்கு இதை முடிச்சுக் கொடுங்க" என்று கும்பிட்டார். அக்காவுக்கு ஒரு மாதம் கழித்து அன்றைக்குத்தான் மூச்சு சரியாக வந்தது.

அன்று மத்தியானமே அவள் புருஷன் கடைக்கு வந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கழுத்தைச் சுற்றித் துணி, கையில் இரண்டு பேன்ட். உடம்பு இளைத்துப் போய் எதுவும் இடுப்பில் நிற்பதில்லை. பிடித்துக் கொடு என்று எத்தனையோ நாளாக எழுதிக் காட்டியும் அவள்தான் மறந்துகொண்டே இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து பேன்ட்டை நீட்டினார். விளம்பரம் முடிந்தது. பாட்டு ஆரம்பித்தது.

அவள் மெஷினை வெறித்தனமாக மிதித்தாள், சத்தத்தில் அமுங்கிப்போகட்டும் என்று. அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிகிறவரை கேட்டார். செத்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் நோட்டை எடுத்தார். "யாரு பாடறது?"

"யாரோ புதுப் பையனாம்."

"தாலாட்டையா இப்படிப் போடறானுங்க?" என்று எழுதிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். "நல்ல குரல்" என்று எழுதினார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி.

"என் குரலும் முன்னாடி கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், இல்ல?"

நாலு வருஷத்தில் 'என் குரல்' என்று அவர் எழுதியதே இல்லை. நீங்கதான் அது என்று சொல்லிவிட உதடு வரை வந்தது. வேறு எவனோ பாடுகிறான் என்பதால்தான் இவர் சிரித்துக்கொண்டு கேட்கிறார். தன்னுடையது என்று தெரிந்த நிமிஷமே அந்தக் குரலை மறுபடியும் கொன்றுவிடுவார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"உங்களுது இதைவிட நல்லா இருக்கும்" என்றாள்.

அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் எழுதினார்: "நாளைக்கும் போடுவாங்களா?"

அவள் எழுந்து படியேறி மேனேஜர் மேஜைக்குப் போனாள்.

"சார், அந்தப் பாட்டு இருக்கட்டும். எடுக்க வேணாம்."

"என்னக்கா விளையாடறீங்களா? காலைலதானே உயிரை எடுத்தீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்சிருக்கு சார்."

இப்போது அவர் தினமும் பதினொரு மணிக்கு வந்துவிடுகிறார். பொத்தான் பிரித்து வைப்பார், நூல் கோத்துக் கொடுப்பார். பாட்டு வந்ததும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கூடவே வாயசைப்பார். எந்த ஓசையும் வராது. ஒன்றரை மடங்கு வேகத்துக்கு அவர் உதட்டால் ஈடு கொடுக்க முடியாது, இரண்டாவது வரியிலேயே பின்தங்கிவிடுவார். அவள் தையலிலிருந்து நிமிராமல் உட்கார்ந்திருப்பாள்.

"இந்தப் பையன் ரொம்ப அவசரப்படறான்" என்று நேற்று எழுதிக் காட்டினார்.

அவள் படித்துவிட்டு, "ஆமாங்க" என்றாள்.