மாமாவுக்கு மகன் உண்டோ

எங்கள் வீட்டில் எவரும் கண்ணால் காணாத ஒரு மாமாவுக்கு வருடத்தில் மூன்று கடிதம் எழுதும் வழக்கம், அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போன வருடத்தில் தொடங்கியது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன பெயர், தலை நரைத்தவரா மொட்டையா என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் அனுப்பும் பணத்தில்தான் அக்கா படிக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சண்டிலிப்பாயில் அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. போர்க்கால மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் தண்ணீர் இறைக்கிற மிசின் படுத்துவிட, தோட்டத்தில் பாதி காய்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகம் இருக்கும் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கவேண்டும், புத்தகம் வாங்கவேண்டும், இடையிலே சாப்பிடவும் வேண்டும். அப்பா சந்தோஷப்பட்ட அன்றே கவலைப்படவும் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். வெளிநாடு போன எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். அதில் ஒருவர் ஒரு பிள்ளையைப் படிப்பிப்பாராம். கொடுப்பவர் பெயர் பிள்ளைக்குத் தெரியக்கூடாதாம். தட்டச்சில் அடித்த ஒரு தாளையும் தந்தார். பிள்ளை சோதினையில் சித்தியடைய வேண்டும், சனிக்கிழமைகளில் ஊர்ப்பிள்ளைகளுக்குச் சும்மா படிப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தவணையும் கடிதம் எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். உதவி செய்பவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்கக்கூடாது, கேட்டால் உதவி நிறுத்தப்படும். அம்மா அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

முதற் கடிதத்திலேயே சிக்கல் வந்தது. "அன்புள்ள" என்று எழுதிவிட்டு அக்கா பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் முறை தெரியாமல் ஒருவரோடு ஒரு வசனம் கதைக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைக்கூட அண்ணை, அக்கா, அப்பு, ஆச்சி என்று ஏதாவது ஒன்றுக்குள் போட்டால்தான் வாய் திறக்கும். ஐயா என்று எழுதச் சொன்னார் அப்பா. அது அரசாங்கக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுதுவது போல இருக்கிறது என்று அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"பிள்ளையைப் படிப்பிக்கிறது தாய்மாமன்ரை கடமையெல்லோ. மாமா எண்டே எழுது," என்றார்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. அந்தக் குறை அவருக்கு வெகுநாளாக இருந்தது. ஒரே சொல்லில் ஒரு தம்பி கிடைத்துவிட்டதில் அன்று முழுக்க முகம் மலர்ந்து திரிந்தார்.

சனிக்கிழமை வகுப்பு எங்கள் புகைக்குடிலில் நடந்தது. புகையிலையைப் புகை போட்டு உலர்த்தும் அந்தக் குடில் வருடத்தில் பாதி நாள் வெறுமையாகத்தான் கிடக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு சாக்கைக் கொண்டுவந்து விரித்து அதில் இருப்பார்கள். பழைய புகையிலை நெடி போகாததால் பின்னக் கணக்கின் நடுவில் யாராவது தும்முவார்கள். ஒருவர் தும்மினால் மற்றவர்களுக்கும் தும்ம வேண்டும் என்று தோன்றிவிடும். அக்கா சிரிக்காமல் காத்திருப்பாள். எனக்குப் பத்து வயது. சொந்தத் தங்கைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஊர் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, பிழை விட்டவர்கள் நாலு பேர் என்றால் முதற் குட்டு எனக்குத்தான் விழும். ஆனாலும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. தாய்மார் முருங்கையிலையும் கத்தரிக்காயும் கொண்டுவந்து வாசல் திண்ணைக் குந்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குடிலில் தும்மியவர்களில் இரண்டு பேர் பின்னாளில் அக்கா படித்த அதே பீடத்துக்குப் போனார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன்.

அந்தத் தாய்மார்தான் என் தலையில் விஷயத்தைப் போட்டவர்கள். மாமா என்றால் அவருக்கு ஒரு மகன் இருக்கவேண்டும், மாமாவின் மகன் என்றால் அக்காவுக்கு மச்சான் முறை, பிறகென்ன குறை என்று அக்காவைச் சீண்டுவார்கள்.

"மச்சான் அங்கை கோட்டுச் சூட்டோடை காத்துக்கொண்டிருக்கிறான் போல," என்பார் ஒருவர். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவர்கள் பகிடி விடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு முக்கியமான காரியத்தை ஒருவரும் மாமாவிடம் கேட்காமல் இருக்கிறார்களே என்றுதான் எனக்குக் கவலை.

மூன்றாவது கடிதத்துக்கு உறை ஒட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. பசை கிடைக்காத காலம். சோற்றுப் பருக்கையை நசுக்கித்தான் ஒட்டவேண்டும். தாளின் அடியில் நாலு விரல் இடம் வெறுமையாக இருந்தது. நான் பென்சிலை எடுத்து, என்னால் முடிந்த அழகான எழுத்தில், மாமாவுக்கு மகன் இருக்கிறாரா என்று கேட்டேன். இருந்தால் அக்காவுக்குச் சரிவரும், அக்கா வடிவு, குட்டுவது மட்டும்தான் குறை என்றும் எழுதினேன். காரியம் முடிந்த கையோடு எனக்கு ஒரு சொக்கிளேற் பெட்டி அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். பிறகு சோற்றை நன்றாக நசுக்கி ஒட்டினேன். கொழும்புக்குப் போகவிருந்த ஒருவரிடம் அப்பா கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, பெருமை தாங்கமுடியாமல் நானே அம்மாவிடம் சொன்னேன். அம்மா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தார். அக்கா ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"ஆரைக் கேட்டு எழுதினனீ? என்னைப் படிப்பிக்கிறதுக்கு என்னையே விலை பேசினது மாதிரியெல்லோ அவை நினைப்பினம்!"

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கடிதம் கொண்டுபோன மனிதர் அன்று காலைதான் புறப்பட்டுவிட்டாராம். அப்பா திரும்பி வந்து கிணற்றடியில் காலைக் கழுவினார். அதன்பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. தாளில் கோடு போட்டிருந்த வரியை நான் பலமுறை வாசித்தவள். அது பெரியவர்களுக்கான சட்டம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த பணம் வருமா என்று மூன்று மாதம் காத்திருந்தோம். அக்கா அறைக்கான வாடகையைப் பற்றி அப்பாவோடு தணிந்த குரலில் கதைத்தாள். சனிக்கிழமைகளில் என்னைக் குட்டுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வேண்டுமென்றே பிழையாகக் கணக்குச் செய்து கொண்டுபோய் நீட்டினேன். அவள் சரியான விடையை எழுதித் தந்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.

ஒரு பின்னேரம் அதிபர் வந்தார். அப்பா சேர்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா கதவோரம் நின்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

"விதிப்படி பார்த்தால் நிப்பாட்டத்தான் வேணும். ஆனால் அங்கையிருந்து வந்த மறுமொழியை முதலிலை வாசியுங்கோ," என்று அதிபர் ஒரு கடிதத்தை அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா சத்தமாக வாசித்தாள். மாமா என்று எழுதியிருந்ததை வாசித்துச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோயிற்று என்று கடிதம் தொடங்கியது. "நான் மாமா இல்லை. எனக்கு மீசையும் இல்லை, மகனும் இல்லை. உங்களைவிட மூன்று வயது மூத்த அக்கா. சின்னத் தங்கச்சி என்னை மன்னிக்க வேணும்." கடிதம் எழுதிய அந்த அக்காவுக்கும் அதே விஞ்ஞான பீடத்தில்தான் இடம் கிடைத்ததாம். பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்த காலம், எப்போது திறக்கும் என்று தெரியாமல் வீட்டார் அவவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போது பகலில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிறாவாம், பின்னேரம் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கிறாவாம். தான் படிக்க ஆசைப்பட்டதை ஒரு பிள்ளையாவது படிக்கட்டும் என்றுதான் சங்கத்தில் சேர்ந்தாவாம்.

கடைசியில் ஒரு வேண்டுகோள் இருந்தது. பிள்ளை எதையும் கேட்கக்கூடாது என்றுதான் விதி, தான் கேட்கக்கூடாது என்று அதில் இல்லை. ஆகையால் ஒவ்வொரு கடிதத்தோடும் விரிவுரைக் குறிப்பில் இரண்டு பக்கம் பார்த்தெழுதி அனுப்ப வேண்டும்.

அக்கா அந்தக் கடைசி வரியைத் திரும்பவும் வாசித்தாள். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதவி நிற்காது என்று அவர் சொன்னபோது, அப்பா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேநீர் வைக்க உள்ளே போனார். தம்பியை இழந்த கவலை அவரிடம் கொஞ்சமும் தெரியவில்லை. அன்றிலிருந்து "மூத்த பிள்ளையின்ரை கடிதம் வந்ததோ?" என்றுதான் கேட்பார். அக்கா தேநீரைக் குடித்துவிட்டு, போகிற போக்கில் என் தலையில் நன்றாக ஒரு குட்டு வைத்தாள். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மேசைக்கு முன்னால் இருந்து குறிப்புகளை முத்துமுத்தாகப் பார்த்தெழுதுவாள். இரண்டு பக்கம் கேட்டவருக்கு ஆறு பக்கம் போகும். திரும்பி வரும் உறையில், அவவே செய்து பார்த்த கணக்குகள் இருக்கும். சரியா பிழையா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருப்பா. அக்கா சிவப்புப் பேனையை எடுத்து, வெகுநேரம் யோசித்து, பிழைகளுக்கு மிகச் சிறியதாகக் கோடு போடுவாள். பிறகு இரண்டு வரியில் மன்னிப்பும் கேட்பாள்.

நான் பக்கத்தில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கணக்குச் செய்யாமல் தப்பமுடியாத எங்களுக்காவது ஒரு நியாயம் இருந்தது. சோதினையும் இல்லை, குட்டுவதற்கு ஆளும் இல்லை, ஒருவர் கடல் கடந்து போயும் கணக்கைக் கேட்டு வாங்கிச் செய்கிறாரே. துணி தோய்ப்பதும் கூட்டுவதும் அம்மா தினமும் செய்பவைதான், அவற்றை நான் வேலையில் சேர்க்கவில்லை. பலநாள் யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, அதை அக்காவிடமும் சொன்னேன்.

"பாவம் அந்த அக்கா. அங்கை அவவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லைப் போல."